புதன்கிழமை நாலு மணி

இதை எழுதுவதற்கு எனக்கு அனுமதி கிடைத்து இன்றோடு மூன்று நாள் ஆகிறது. கொடுத்தவள் மதில். எங்கள் ஊர்ப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். ஓய்வு பெறுகிற விழாவில், மேடையில், நானூறு பேர் முன்னால் தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பிறகு கீழே இறங்கி நேராக என்னிடம் வந்து, "சார், இனிமே நீங்களும் எழுதலாம்" என்றாள். நான் நாற்காலியை விட்டுத் துள்ளிவிட்டேன். ஆறு வருஷம்! ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது வேறு யாராவதாக இருந்தால் அதில் ஒன்றுமில்லை. இருந்தது நான்.

என் மனைவியிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால், "எதைப் பத்தி?" என்பாள்.

நான் ஒரு நாளிதழின் விளையாட்டு நிருபர். ஆபீஸில் எனக்கு ஓட்டைவாய் என்று பெயர். என்னிடம் ஒரு விஷயம் காலையில் வந்தால் மத்தியானத்துக்குள் வாட்ச்மேன் வரைக்கும் போய்விடும். என் மனைவி மனநல ஆலோசகர். அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் கல்லுளிமங்கி. "அவ என் வயித்துல இருக்கும்போது உதைக்கக்கூட இல்ல மாப்பிள்ளை. உதைச்சா உள்ள இருக்கறது தெரிஞ்சுடும்னு பாத்தாளோ என்னமோ" என்று என் மாமியாரே சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட இரண்டு பேரை ஜோடி சேர்த்த புண்ணியவான் யார் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவளுடைய அறை கடைவீதியில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு, இறங்குவதற்கு இன்னொன்று. ஏறுவது வீதிப் பக்கம். இறங்குவது சலவைக் கடைக்குப் பின்னால் ஒரு சந்தில். வருகிறவரும் போகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளக் கூடாதாம். கதவுக்கு வெளியே ஒரு பழைய டேபிள் ஃபேன் மழையோ குளிரோ கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே பேசுவது வெளியே கேட்காமல் இருக்க. நோட்டில் யாருக்கும் பேர் கிடையாது, எண்தான். நான் அந்தப் படியில் ஒருநாளும் ஏறியதில்லை. அவளைக் கூட்டிவரப் போனால் முனை பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும் என்பது கட்டளை.

தெருவில் அவளுக்கு ஒரு விதி உண்டு. தன்னிடம் வருகிற யாரையாவது வெளியே கண்டால் அவளாக முதலில் சிரிக்கவும் மாட்டாள், பேசவும் மாட்டாள். அவர்களாக வணக்கம் சொன்னால் பதில் வணக்கம், அத்தோடு சரி. கல்யாணமான புதிதிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "வழியில யாராவது எனக்கு வணக்கம் வெச்சா, அது யாருன்னு கேக்காதீங்க. யாரும் வைக்கலைன்னாலும் கேக்காதீங்க."

ஆனால் கால்பந்து என்றால் இவளுக்குப் பைத்தியம். டிவிக்கு முன்னால் உட்கார்ந்து ரெஃப்ரியை இவள் திட்டுகிற திட்டில் பக்கத்து வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார், எப்படியும் ஸ்கோர் தெரிந்துவிடும் என்று. கோல் விழுந்தால் நாற்காலி மேல் ஏறி நிற்பாள். உதட்டில் பூட்டுப் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பவள், அந்தத் தொண்ணூறு நிமிஷத்தில்தான் வாயைத் திறப்பாள்.

இப்போது ஆறு வருஷத்துக்கு முந்தைய கதை. அந்த வருஷம் எங்கள் அணி முதல்முறையாக இறுதிப் போட்டிக்குப் போனது. ஊருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் சீசன் நடுவில் மதிலுக்கு என்னவோ ஆகியிருந்தது. பெனால்டி என்று ரெஃப்ரி கை காட்டினால் போதும், நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றுவிடுவாள். பந்து காதோரம் போய் வலையில் விழும், அவள் கை அசையாது. நாலு மேட்சில் அஞ்சு பெனால்டி, அஞ்சும் கோல். "மதிலு இடிஞ்சுபோச்சு" என்று கூட்டம் ராகம் போட்டுப் பாடியது. அதற்கப்புறம் இரண்டே மாதம். அரையிறுதியில் மூன்று பெனால்டியைப் பாய்ந்து பாய்ந்து தடுத்தாள்!

எடிட்டர் என்னைக் கூப்பிட்டார். "அந்த ரெண்டு மாசத்துல என்னய்யா நடந்துச்சு? ஞாயித்துக்கிழமை ஃபைனல் அன்னிக்குக் காலையில மொதப் பக்கத்துல எனக்கு அது வேணும்."

கரும்பு தின்னக் கூலியா? கிளம்பிவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், சொல்லப் பிடிக்காவிட்டாலும். அதற்கு முந்தைய வருஷம், பக்கத்து ஊர் அணியில் ஒருத்தி தூக்கம் வராமல் மனநல டாக்டரிடம் போகிறாள் என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு அவள் காலுக்குப் பந்து வந்தாலே கூட்டம் ஆராரோ பாட ஆரம்பித்தது. ஆயிரம் பேர் சேர்ந்து தாலாட்டு. தேசிய அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் அவள் பேரை அடித்துவிட்டார்கள். சீசன் முடிவதற்குள் அவள் ஆட்டத்தையே விட்டுவிட்டாள். அந்தச் செய்தியை எழுதியது நான். தலைப்பும் நான் வைத்ததுதான்; அது நன்றாக அமைந்துவிட்டதாக அன்று பெருமைப்பட்டேன். எங்கள் இறுதிப் போட்டியைப் பார்க்கவும் அதே தேர்வாளர்கள் இரண்டு பேர் வருவதாக இருந்தார்கள்.

முதலில் ஜெர்சி அக்காவிடம் போனேன். அணியின் உடைகளைத் துவைத்து, மடித்து, எண் பார்த்து அடுக்குகிறவர். யார் சட்டைப் பையில் என்ன இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

"புதன்கிழமை நாலு மணின்னா அவ காணாம போயிடுவா சார்" என்றார். "பல் டாக்டர்கிட்டன்னு சொல்லுவா. ரெண்டு மாசமா ஒரு பல்லைப் புடுங்க முடியாத அந்த டாக்டர் யாருன்னு நானும் யோசிக்கறேன்."

"எந்தப் பக்கம் போவாங்க?"

"கடைவீதி பஸ்ல ஏறுவா. அதுக்கு மேல நமக்கெதுக்கு?"

கடைவீதியில் இரண்டு பல் டாக்டர், ஒரு கராத்தே பள்ளி, ஒரு யோகா கூடம். நாலையும் ஏறி இறங்கினேன். "கோல்கீப்பரா? எங்க ஆளுங்க எல்லாம் உதைக்கறவங்க சார், புடிக்கறவங்க இல்ல" என்று கராத்தே மாஸ்டர் அனுப்பிவைத்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையைத் தாண்டி இரண்டு தடவை நடந்தவனுக்கு, மேலே பார்க்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழியனுப்பு விழா. பத்திரிகைக்காரர்களுக்குக் குடும்பத்தோடு அழைப்பு. இரண்டு பாஸை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், "எனக்குத் தலைவலிங்க, நீங்க போயிட்டு வாங்க" என்றாள் என் மனைவி.

"யாரு, நீயா? கால்பந்துன்னா தலையே இல்லேன்னாலும் வருவியே! கெளம்பு கெளம்பு."

கிளம்பினாள்.

மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள். கடைசியில் மதில். மொத்த மண்டபமும் எழுந்து நின்று, "மதிலு! மதிலு!" என்று கூரையைப் பிளந்தது. நானும் கத்தினேன். கத்திக்கொண்டே, என் மனைவியும் நாற்காலி மேல் ஏறியிருப்பாள் என்று திரும்பினேன்.

அவள் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் படித்தாள். திருப்பிப் பின்பக்கம் படித்தாள். மறுபடி முன்பக்கம்.

எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. நானூறு பேரில் மதிலைப் பார்க்காத ஒரே ஆள் இவள்! தெருவில் ஒருவரைப் பார்க்காமல் போனால் யாருக்கும் தெரியாது. ஊரே எழுந்து நின்று பார்க்கும்போது ஒருத்தி மட்டும் பாட்டிலைப் படித்தால் குருடனுக்கும் தெரியும். எவ்வளவோ படித்தவள், எவ்வளவோ பேரின் ரகசியத்தைக் காத்தவள், இந்தச் சின்ன வித்தியாசத்தில் கோட்டை விட்டாள். பல் டாக்டர், கடைவீதி, புதன்கிழமை எல்லாம் என் தலைக்குள் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன.

மதில் மேசை மேசையாக வந்து கை குலுக்கிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு இரண்டு மேசை முன்னால் அவள் கால் நின்றது. என் சட்டையில் குத்தியிருந்த பத்திரிகை அட்டையைப் பார்த்தாள்; பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். பிறகு வேறு வரிசைக்குத் திரும்பிவிட்டாள். எனக்கிருந்த குஷியில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்கூட்டரில் திரும்பும்போது, முன்னால் பார்த்தபடியே, "புதன்கிழமை நாலு மணி" என்றேன்.

என் தோளில் இருந்த அவள் கை ஒரு நொடி இறுகியது. "செகப்பு விழுந்துடுச்சு, நில்லுங்க" என்றாள்.

"மதில் உன்கிட்டதானே வர்றா?"

"யாரு?"

"சரி, அவ வர்றாளா இல்லையான்னு சொல்ல வேணாம். எழுதலாமா கூடாதா, அதை மட்டும் சொல்லு. கூடாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா விட்டுடறேன்."

எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள் எனக்கு! கூடாது என்று அவள் சொன்னால் அதுவே ஆமாம் என்று சொன்ன மாதிரி. கெஞ்சினாலும் ஆமாம், அழுதாலும் ஆமாம். தன்னிடம் வருகிறவளைக் காப்பாற்ற அவளுக்கு வாயைத் திறக்கவே வழியில்லை. அது அன்று என் மரமண்டையில் ஏறவில்லை.

"நீங்க எழுதறதுல நான் என்னைக்காவது தலையிட்டிருக்கேனா?" என்றாள். அதை நான் பச்சைக்கொடி என்றே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் என் மனைவி யாரையுமே பார்க்கவில்லை.

பழக்கடைக்காரர் "வாங்கம்மா" என்றார். வாழைப்பழத்தைப் பார்த்து "ம்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் வணக்கம் சொன்னார்; செருப்பு வாரைச் சரி செய்தாள். பத்து மணிக்கு மைதானத்தில் கடைசிப் பயிற்சி. "நானும் வரேன்" என்று அவளாகவே ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். ஸ்கூட்டர் சாவியை வழக்கம்போல் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள், நான் தொலைத்துவிடுவேன் என்று. மைதானத்தில் பதினோரு பேரும் எங்களைத் தாண்டி ஓடினார்கள். அவள் பதினோரு தடவை புல்லைப் பார்த்தாள். கோச் வந்து நலம் விசாரித்தார். மேகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள். கோடு போடுகிறவர், ஜெர்சி அக்கா, மைதானத்து நாய், ஒருவரையும் விடவில்லை.

"என்னம்மா இது, மொத்த டீமும் உன்கிட்டதான் வருதா? கோச்சுமா? அந்த நாயுமா?"

"வெயில் கண்ணு கூசுதுங்க."

அடிப்பாவி! ராத்திரியெல்லாம் யோசித்து, தடயத்தை அழித்துவிட்டாள். யாரையுமே பார்க்காதவள் மதிலைப் பார்க்காததில் என்ன செய்தி இருக்கிறது? எனக்குச் சிரிப்பும் வந்தது, ரோஷமும் வந்தது. உன்னிடம் இல்லாவிட்டால் என்ன, கேட்க வேண்டியவளையே கேட்கிறேன் என்று, தண்ணீர் இடைவேளையில் நேராக மதிலிடம் போனேன்.

"ஆல் த பெஸ்ட்மா. ஒண்ணே ஒண்ணு. புதன்கிழமை நாலு மணிக்கு எங்க போறீங்க?"

பேயறைந்தது போல் ஆனது அவள் முகம். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளைத் தாண்டி, படிக்கட்டில் உட்கார்ந்திருந்த என் மனைவியைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நம்பிக் கொடுத்த வீட்டுச் சாவியை யாரோ வேறு ஆள் கையில் பார்த்தவள் மாதிரி இருந்தது அந்தப் பார்வை. கையுறையை மாட்டிக்கொண்டு வலைக்குப் போனாள்.

அடுத்து பெனால்டிப் பயிற்சி. ஆறு பந்து. ஆறுக்கும் கம்பம் மாதிரி நின்றாள். "என்னாச்சு மதிலு? ஏய், என்னாச்சு?" என்று கோச் கத்திக்கொண்டே இருந்தார். படிக்கட்டில் என் மனைவி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கடைசியில் பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய் டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாள். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. அது காலையில் வாழைப்பழத்தைப் பார்த்த மாதிரியான விளையாட்டு இல்லை.

நான் மரத்தடியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து முதல் வரி எழுதினேன். இரண்டாவது வரி வரவில்லை. அந்தப் பார்வை வந்து குறுக்கே நின்றது. அப்போதுதான் உறைத்தது. நேற்று மண்டபத்தில் எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்தவள் அவள். இன்று நான் போய்ப் புதன்கிழமை நாலு மணி என்கிறேன். என்ன நினைப்பாள்? டேபிள் ஃபேனுக்குப் பின்னால், கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதெல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது என்றுதானே? நான் மதிலின் ரகசியத்தைத் தோண்டியது ஒரு பாவம். அதைத் தோண்டிக் கொடுத்தது என் மனைவி என்று அவளை நம்பவைத்தது அதைவிடப் பெரிய பாவம். வாயைத் திறக்காத ஒருத்தியை வாயாடியாக்கிவிட்டேன்! அவளால் மைதானத்தின் நடுவே போய் நின்று, நான் சொல்லவில்லை என்று கத்தவும் முடியாது. கத்தினால் அதுவும் போச்சு. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

நிமிர்ந்து பார்த்தால், அணியின் பஸ் புகையைக் கக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுகிறது. இறுதிப் போட்டி அடுத்த ஊரில். அங்கே போய்விட்டால் நாளை ஆட்டம் முடியும்வரை யாரும் யாரையும் நெருங்க முடியாது. ஸ்கூட்டருக்கு ஓடினேன். சாவி என் மனைவியின் கைப்பையில். கைப்பை டவுன் பஸ்ஸில்!

ஓடினேன். நாற்பத்தாறு வயது, முன்னால் தள்ளிய வயிறு, இருபது வருஷமாகப் பிறர் ஓடுவதை உட்கார்ந்து எழுதியவன், தலைதெறிக்க ஓடினேன். ஒரு செருப்பு பேக்கரி வாசலில் கழன்றது. எடுக்கவில்லை. வீதியில் இருந்தவர்கள் எல்லாம் யார் துரத்துகிறார்கள் என்று எனக்குப் பின்னால் பார்த்தார்கள். பஸ் சின்னதாகிக்கொண்டே போனது. போச்சு என்று நினைத்த நேரத்தில், தூரத்தில் மணி அடித்தது. ரயில்வே கேட் மெதுவாக இறங்கியது. பஸ் நின்றது. அந்த கேட்கீப்பர் யாரோ, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்!

பஸ் கதவைப் படபடவென்று தட்டினேன். "மதிலு! ரெண்டே நிமிஷம்!"

"பேட்டியெல்லாம் நாளைக்கு" என்றார் கோச் ஜன்னல் வழியாக.

ஆனால் மதில் இறங்கிவிட்டாள். பஸ்ஸை விட்டுப் பத்தடி தள்ளி, தண்டவாளத்து ஓரம் நின்றாள். முகம் கல்லாக இருந்தது. "சொல்லுங்க சார். புதன்கிழமை மட்டுந்தான் தெரியுமா? எங்க வீட்டுல நான் அழுததெல்லாமும் சொல்லிட்டாங்களா?"

பதில் சொல்ல எனக்கு மூச்சு வரவில்லை. அதற்குள் சரக்கு ரயில் வந்துவிட்டது. நிலம் அதிர்ந்தது. காது அடைத்தது. நான் பேசவேண்டியதை என் பக்கத்தில் நிற்பவளைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் கேட்காதபடி ஒரு ரயில் முழுக்க மறைத்துக்கொண்டு ஓடியது. கடைசிப் பெட்டி போவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். அவள் காதருகே கத்தினேன்.

"அவங்க எனக்கு ஒரு வார்த்தை சொல்லலைமா! நீங்க வர்றதும் சொல்லல, வரலைன்னும் சொல்லல!"

"அப்புறம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானாத்தான் மோப்பம் புடிச்சேன்! பல் டாக்டர் பொய் சரியில்ல! கடைவீதி பஸ் தெரியும்! ஆனா யாருன்னு தெரியாது! நேத்து நீங்க வந்தப்ப நானூறு பேரும் உங்களைப் பாத்தாங்க. ஒருத்தங்க மட்டும் தண்ணி பாட்டில்ல ஒட்டியிருந்த பேப்பரைப் படிச்சாங்க! மூணு தடவை! அதுலதான் குட்டு உடைஞ்சது!"

"பாட்டிலா?"

"பாட்டில்! உங்களைப் பாத்துடக் கூடாதுன்னு! அதை மறைக்க இன்னிக்குக் காலையிலேருந்து நாயைக்கூட பாக்காம நடக்கறாங்க!"

மதில் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். முதலில் மூக்கில், பிறகு வாய்விட்டு. சிரித்துக்கொண்டே கையுறைக் கையால் கண்ணைத் துடைத்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதும் அதைக் கழற்ற மறந்திருக்கிறாள். "நாயுமா?" என்றாள்.

"நாயும்!"

பெட்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. முப்பதோ முப்பத்தஞ்சோ போயிருக்கும். "எழுதுவீங்களா சார்?"

"மாட்டேன்!"

"உங்க வாய் ஊரறிஞ்ச வாயாச்சே!"

"மாட்டேன்மா! போன வருஷம் ஒருத்தியைப் பத்தி எழுதினது போதும்!"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது. வீட்டுலயும். இங்க பேசினதை அவங்ககிட்ட நானே சொல்லிக்கறேன், புதன்கிழமை. நீங்க சொன்னா அது நான் சொன்னதா ஆகாது."

"மாட்டேன்! சத்தியமா மாட்டேன்!" கடைசிப் பெட்டி எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. அந்த இரண்டாவது 'மாட்டேன்' நிசப்தத்தில் ஊரெல்லாம் கேட்டது. பஸ் முழுக்கத் தலையை வெளியே நீட்டியது.

"என்னய்யா மாட்டே?" என்றார் கோச்.

"தோக்க மாட்டோம்னு சொன்னேன் சார்!"

பஸ்ஸில் எழுந்த சத்தத்தில் கேட்டே தானாக ஏறியிருக்கும். மதில் படியில் ஏறினாள். நான் ஒற்றைச் செருப்போடு நின்று கையை ஆட்டினேன்.

அன்று சாயங்காலம் எடிட்டர் ஃபோனில், "கதை எங்கய்யா?" என்றார்.

"கதை இல்ல சார். பயிற்சி பண்ணாங்க, சரியாயிடுச்சு."

"இதுக்கா ஒரு வாரம் ஊரைச் சுத்தின?"

வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டில் அதைவிடக் கஷ்டம். என் மனைவி சாப்பிடவில்லை. மூன்று தடவை என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள், மூன்று தடவையும் மூடிக்கொண்டாள். மதிலிடம் நான் என்ன கேட்டேன் என்று அவளால் கேட்க முடியாது. மதிலிடம் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரே கவலையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு வயிறு வெடித்துவிடும் போல் இருந்தது. ஒரு ரகசியத்தை உள்ளே வைத்திருப்பது இவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியாது. இவள் தினமும் எட்டுப் பேருடையதைச் சுமந்துகொண்டு வந்து, எனக்குச் சாதமும் போட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரத்திலும் முடிவில்லை. பெனால்டி! பத்திரிகைப் பகுதியிலிருந்து பைனாகுலரில் பார்த்தேன். தேர்வாளர்கள் இருவரும் நோட்டோடு முன்னால் சாய்ந்தார்கள். எதிர்ப்பக்கப் படிக்கட்டில் என் மனைவி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் நாலிலும் இரண்டு பக்கமும் கோல். எங்கள் ஐந்தாவதும் கோல். அவர்களுடைய ஐந்தாவது. தடுத்தால் கோப்பை. மதில் கோட்டில் நின்றாள். அசையாமல் நின்றாள். ஐயோ, மறுபடியும் கம்பமா! எனக்குப் பக்கத்தில் இருந்த நிருபரின் கையை நான் நசுக்கிக்கொண்டிருந்தேன். அந்த மாடி அறையில் அவளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, இன்றுவரை தெரியாது. அவள் ஒரு மூச்சு இழுத்து மெதுவாக விட்டாள். விசில். பந்து வலப்பக்க மூலைக்குச் சீறியது. மதில் பாய்ந்தாள். முழு நீளத்துக்கு, காற்றில் படுத்தபடி. விரல் நுனி. பந்து கம்பத்தில் பட்டு வெளியே தெறித்தது!

அதற்கப்புறம் நான் என்ன செய்தேன் என்று பக்கத்து நிருபரைத்தான் கேட்க வேண்டும். அவருடைய தொப்பியை மைதானத்துக்குள் எறிந்தேனாம். நினைவு வந்து பைனாகுலரைத் தூக்கியபோது, என் மனைவி எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண் எவ்வளவு தட்டினாளோ அவ்வளவு. ஒரு தட்டு அதிகமில்லை.

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மதில் மைக்கில் நன்றி சொன்னாள். கோச்சுக்கு, அண்ணனுக்கு, ஜெர்சி அக்காவுக்கு, பஸ் டிரைவருக்கு, புல் வெட்டுகிறவருக்கு. ஒருவரை மட்டும் சொல்லவில்லை. விட்டுப்போன அந்த ஒருவர் முகத்தைப் பார்த்தேன். பரிசு வாங்கியவள் மாதிரி அது பூரித்திருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், கைப்பையைக்கூட வைக்காமல் கேட்டாள்.

"நேத்து ரயில்வே கேட் வரைக்கும் ஓடினீங்களாமே? ஜெர்சி அக்கா சொன்னாங்க. ஒரு செருப்பில்லாம. யார்கிட்டயோ பேசினீங்களாம்."

பதினாலு வருஷ வாழ்க்கையில் முதல்முறையாக அவள் என்னிடம் ஒன்றைக் கேட்கிறாள்! எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஓட்டம், ரயில், நாய், மதில் சிரித்தது. சொன்னால் இவள் முகம் எப்படி மலரும்! என்னை வீரன் என்பாள். வாயைத் திறந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னதுதான். ஆனால் அது என்னுடையது இல்லை. மதிலுடையது. புதன்கிழமை அவளாகச் சொல்லவேண்டியது.

"யாரு, நானா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முந்தின நாள் முழுக்க மேகத்தையும் செருப்பையும் பார்த்த கண், அசையாமல் என் முகத்தைப் பார்த்தது. மெதுவாக அது நிறைந்து வழிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பையைத் தரையில் போட்டாள். அடக்கி வைத்த இரண்டு நாள் சத்தமும் ஒரேயடியாக வெளியே வந்தது.

"அந்த அஞ்சாவது பெனால்டி பாத்தீங்களா! எப்படிப் பாஞ்சா! வலது பக்கம்னு முன்னாடியே முடிவு பண்ணல, பந்தைக் கடைசி வரைக்கும் பாத்தா! இப்படி நின்னா, இப்படி ஒரு மூச்சு, அப்புறம் இப்படி..."

இப்படி என்று அவள் பாய்ந்தாள். முழு நீளத்துக்கு, கையை நீட்டிக்கொண்டு, கூடத்திலிருந்து சோஃபா மேல். சோஃபாவின் ஒரு கால் மளுக்கென்று உடைந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும்வரை சிரித்தோம்.

மறுநாள் ஆபீஸில் எல்லோரிடமும் சோஃபா உடைந்த கதையைச் சொன்னேன். எப்படி உடைந்தது என்று கேட்டவர்களிடம், நான் உட்கார்ந்தேன், உடைந்துவிட்டது என்றேன்.